சிலேத்தார் சாலையில் விழுந்த விங்

பெயர்: ரக்ஷனா, சுந்தரேசன் மகள். வயது: 43. தொழில்: பல் மருத்துவ உதவியாளர். வசிப்பிடம்: சிங்கப்பூர், ஈசூன், அடுக்குமாடி வீடு, ஒன்பதாம் மாடி.

மேற்படி நான் கூறுவதாவது: என்னுடைய சாம்பல்நிறப் பந்தய ரகக் காருக்கு இருபத்து நான்கு வயதாகிறது. அதை எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரில் உள்ள பந்தயத் தடத்தில் மட்டுமே வேகமாக ஓட்டுவேன். மணிக்கு நூற்றெண்பது கிலோமீட்டரைத் தாண்டினால் பின்பகுதி தரையை விட்டு எழும்புவதுபோல் இலேசாகிவிடும். அதைச் சரிசெய்யப் பட்டறை உரிமையாளர் உமைரிடம் கொடுத்தேன். அவர் காரின் முதுகெங்கும் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, தடத்தில் என்னை ஓட்டச் சொல்லி, பின்னால் இன்னொரு காரில் வந்து காற்று போகும் வழியைப் படமெடுத்தார். நூல்கள் தண்ணீருக்குள் பாசி அசைவதைப்போல் அசைந்தன. அதன் பிறகு ஸ்பிரிங்குகளை மாற்றி, பின்சக்கரங்களை இம்மியளவு உள்நோக்கித் திருப்பி, பின்மூடிமேல் நான்கு நட்டுகளில் மாட்டும், காற்றால் பின்பகுதியைத் தரையோடு அழுத்தும் இறக்கை போன்ற ஒரு விங்கையும் செய்து கொடுத்தார்.

"அக்கா, இது டிராக்குக்கு மட்டும்தான் லா. நம்ம ரோட்டுல அனுமதி இல்ல. கழட்டி பின்னாடி பூட்ல வச்சிட்டுத்தான் திரும்பணும்," என்று தெளிவாகச் சொன்னார்.

சென்ற ஞாயிறன்று தனியாகத் தடத்துக்குப் போய் விங்கை நானே மாட்டினேன். மூன்று நட்டுகளை ஸ்பேனரால் இறுக்கினேன். நான்காவதை விரலால் திருகியபோது என் முறை வந்ததாக அழைத்தார்கள், அப்படியே போய்விட்டேன். இருநூறைத் தொட்டதும் காரின் நடுக்கம் நின்றது. சத்தமும் எங்கோ தள்ளிப் போனது. இருபுறமும் செம்பனை மரங்கள் பச்சைத் தண்ணீராக ஓடின. நான் ஓட்டுவதாகவே தோன்றவில்லை. அதன் பிறகும் அந்த நினைப்பிலிருந்து இறங்க மனமில்லாமல், விங்கைக் கழற்றாமலே எல்லையைத் தாண்டினேன்.

பிற்பகல் மூன்று மணியளவில் சிலேத்தார் விரைவுச்சாலையில் தொண்ணூறில் வந்துகொண்டிருந்தபோது பின்னால் ஏதோ முறியும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். விங் வெயிலில் மின்னியபடி மெதுவாக மேலெழுந்தது. அழகாக இருக்கிறது என்று அந்த நொடியில் நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. அதன் பிறகே பின்னால் வந்த மோட்டார் சைக்கிளையும், விங் அதன்மேல் மோதுவதையும் பார்த்தேன்.

காரை ஓரங்கட்டி ஓடினேன். அதை ஓட்டிவந்த கப்பல் பட்டறை ஊழியர் அழகர்சாமி தோள் எலும்பு முறிந்து கிடந்தார். "கொக்கு வருதுன்னு நெனச்சிட்டேன்க்கா," என்றார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் உமைரின் பட்டறையை விசாரணைக்காக மூடியிருப்பதாக அறிந்து நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். அவர்மீது தவறில்லை.

இவ்வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில் 'தளர்ந்துபோன நட்டு' என்று எழுதியிருந்ததை 'நான் இறுக்காத நட்டு' என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். மற்றவை யாவும் நான் சொன்னபடியே உள்ளன, உண்மை. யாரும் என்னைச் சொல்லவைக்கவில்லை.

(ஒப்பம்) ரக்ஷனா