கண்டக்டரின் நடை

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் தன் அக்காவிடம் சொன்னாள்: "நேரா நடக்குதுன்னு படத்தத் திருப்பி அனுப்பிட்டாங்கக்கா."

அவள் மடியிலிருந்த லேப்டாப்பில், இரண்டு கால் மட்டுமே உள்ள ஏதோ ஒன்று பெரிய மூட்டையைச் சுமந்துகொண்டு கயிற்றின்மேல் நேராக நடந்தது.

"இன்னாடி இது? அவ்ளோ பாரம் தூக்கினு போவுது, செருப்பு கூடவா இல்ல?"

"கண்ணே கெடையாது, நீ செருப்பு கேக்கற. இது நம்ம செல்லுக்குள்ள சரக்கு தூக்கினு போற புரோட்டீன். காலேஜு பாடத்துக்கு அனிமேஷன் பண்றேன். சுத்தி தண்ணி இடிச்சிகினே இருக்குமாம். அதனால தள்ளாடினேதான் போவுமாம், ஆனா கயித்த வுடாதாம். சாயங்காலத்துக்குள்ள சரியா வரலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

தியாகதுருகத்தில் கூட்டம் ஏறியது. கண்டக்டர் எல்லோரிடமும் இடிபட்டு, ஒரு காலை ஊன்றி மறு காலைத் துழாவி வைத்து வந்தார்.

"அக்கா, அதோ வர்றாரு பாரு!" அவள் போனை நீட்டினாள்.

"இன்னாத்துக்கும்மா என்னப் படம் புடிக்கிற?"

"பாடத்துக்குண்ணா. புரோட்டீன் உங்கள மாதிரியேதான் நடக்கும்."

"புரோட்டீனா? நான் முட்டகூட துன்றதில்லியே."

ஆனாலும் அவர் சட்டையை இழுத்துவிட்டு, கல்யாண மாப்பிள்ளை போல் நிமிர்ந்து நேராக நடந்தார்.

"ஐயோ அண்ணே, முன்ன மாதிரியே தள்ளாடுங்க!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "தள்ளாடிக் காட்டறேன். ஆனா டூட்டில தள்ளாடினேன்னு மட்டும் அதுல எழுதிடாதம்மா."