வெர்டாவோட தையல யாரு பிரிச்சது

இல்லீங்க, என் சம்சாரம் சொன்ன அந்தக் கதைய நானே நம்பல. பதினோரு வருஷமா சந்தேகம்தான். ஆனா வாயத் தொறந்து கேக்கல பாருங்க, அதான் என் புத்தி.

உங்க வீட்டம்மாவும் கீழதான தைக்கிறாங்க? அப்பச் சரி, ரெண்டு பேரும் வண்டியிலயே உக்காந்திருப்போம். சர்ச்சோட கீழ்த்தளத்துக்கு ஆம்பளைங்க எறங்குனா, தையல் கூட்டத்துலயே மூத்த ஓர்ஃபா அத்தை கையில ஊசியக் குடுத்து உக்கார வெச்சிரும்.

பென்சில்வேனியாவுல உங்க பக்கமும் இப்பிடித்தானா? இங்க ஒஹாயோவுல செவ்வாய்க்கிழமைன்னா ஒம்போது பொம்பளைங்க, ஒரு மரச்சட்டம், அதுல இழுத்துக் கட்டுன போர்வை. கஷ்டப்படுறவங்களுக்குப் பணம் சேக்க சபை நடத்துற நிவாரண ஏலத்துக்குப் போறது. யாரு தையலாவது கோணலா இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க. அவ வீட்டுக்குப் போனதும் பிரிச்சுட்டு வேற ஒருத்தி தச்சு வெச்சிருவா. அவளும் அடுத்த வாரம் வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காருவா.

என் சம்சாரம் வெர்டா ஒரு நாள் வந்து, என் தையலப் பிரிச்சுட்டாங்க, இனிமே போகலன்னா. ஏங்க, அவ கையில அங்குலத்துக்குப் பதினோரு தையல் விழும்! அதப் பிரிக்க எவளுக்கு மனசு வரும்? அப்பவே உறுத்துச்சு. ஆனா, சரி விடுன்னேன். உள்ளுக்குள்ள சந்தோஷம், சொல்றதுக்கென்ன.

பொறாமையான்னா... ஆமா, பொறாமைதான். இன்னொரு ஆம்பளன்னா சண்டை போடலாம். எட்டு பொம்பளைங்க கூட என்னத்தப் போடுறது? அங்கருந்து வரும்போது அவ மூஞ்சியப் பாக்கணுமே. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணோரம் ஈரமா இருக்கும். என்ன வேடிக்கைன்னு கேட்டா, ஒண்ணுமில்ல, உங்களுக்குப் புரியாதும்பா. அதோட இந்த முதுகு வேற. மாடு கறக்குற ஒடம்பு. செவ்வாய்க்கிழமையானா சரியாப் பிடிச்சுக்கும், நிமிர முடியாது. அவ பாதியில எந்திரிச்சு வந்து ஒத்தடம் குடுப்பா.

அவ நின்னதுக்கப்புறம் செவ்வாய்க்கிழமை பூரா எனக்குத்தான். முதுகுகூட அவ்வளவாத் தொந்தரவு பண்ணல. எதிர்ல உக்காந்து தனியாத் தைப்பா. ஆனா அந்தச் சிரிப்பு மட்டும் வீட்டுக்கு வரவே இல்லீங்க.

போன மாசம் ஓர்ஃபா அத்தை வந்துச்சு. எண்பத்திரெண்டு வயசு, இடுப்பு ஆபரேஷன் வேற. ஒரு கையில தடி, ஒரு கையில ஆப்பிள் பை பலகாரம். வெர்டாகிட்ட, ஏலம் நெருங்குது, ஆள் பத்தல, உன் நாற்காலி அப்பிடியே கெடக்கு, எந்திரிச்சு வாடின்னுச்சு. அப்பறம் அவ காதுல என்னமோ சொல்லுச்சு. பத்து நிமிஷங்க! பத்தே நிமிஷத்துல வெர்டா வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறா. பதினோரு வருஷமா எதிர்ல உக்காந்திருந்தவன் நான்.

தாங்கல எனக்கு. அத்தைய வண்டி ஏத்திவிடுற சாக்குல கேட்டேன், அன்னிக்கு அவ தையல யாரு பிரிச்சதுன்னு. அத்தை அப்பிடியே நின்னுருச்சு. அடப்பாவி, வெர்டா தையலையா? நாங்க பிரிச்சதெல்லாம் உங்கம்மா தச்சதத்தாண்டா, அது சாகுற வரைக்கும் அதுக்கே தெரியாதுன்னுச்சு. அப்பறம் சொல்லுது, வெர்டா நின்னது உன்னாலதானேடா, புருஷனுக்கு முதுகு சொகமில்ல, செவ்வாய்க்கிழமை தனியா விட முடியலன்னுதானே சொன்னா? இன்னிக்கு வரைக்கும் ஊசியத் தொடுறதுக்கு முன்னாடி உன் முதுகுக்குத்தான் ஜெபம் பண்றோம். இப்ப எப்பிடிப்பா இருக்கு?

பரவால்லன்னேன்.

கேக்குதுங்களா கீழருந்து? அந்த உசந்த சிரிப்புச் சத்தம் என் வெர்டாவோடது, மறுபடியும் வர ஆரம்பிச்சுட்டா.

முதுகுக்காகத்தான் நின்னான்னா, எங்கிட்ட ஏன் தையல் கதை சொல்லணும்? நேத்து அவ பாத்திரம் கழுவிட்டிருந்தா. பக்கத்துல நின்னு தொடச்சுக்கிட்டே கேட்டுட்டேன். வெர்டா, எனக்கு முதுகு வலிச்சதே இல்லன்னு உனக்கு எப்பருந்து தெரியும்?