முந்நூற்றொன்பது பேருக்குச் சொல்லாதது

கோலாவில் தேங்காய்ப் பாகும் க்ரீமும் ஊற்றிக் குடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். எங்கள் ஓரெம் ஊரில் சர்ச்சுக்காரர்களுக்குக் காபி குடிப்பதுதான் பாவம். இந்தக் கொழகொழப்பைக் குடம் குடமாகக் குடித்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். டாக்டர் வென்டெலின் கிளினிக்குக்கு வருகிற பெண்கள் கையில் அந்தப் பெரிய கோப்பையோடுதான் வருவார்கள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது பிசுபிசுவென்று ஒட்டும். இருபத்திரண்டு வருஷம் அந்தப் பேனாக்களைத் துடைத்தவள் இந்த லரே. என் பொறுமையை நீங்கள் சந்தேகப்பட வேண்டாம்.

நீங்கள் விசாரிக்க வந்தது டானியா பெர்கிலண்ட் செத்துப்போனதைப் பற்றி. சொல்கிறேன்.

மார்பில் சிலிக்கோன் பை வைத்துக்கொள்ள வருகிறவர்களுக்கு அதன் ஆபத்துகளைப் படித்துச் சொல்லி, ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்திலும் இனிஷியல் வாங்குவது என் வேலை. பை கிழியலாம். சுற்றிலும் தழும்பு இறுகி மார்பு கல்லாகலாம். உணர்ச்சி போகலாம். பத்துப் பதினைந்து வருஷத்தில் மறுபடி கத்தி வைக்க நேரலாம். சொரசொரப்பான மேலுறை உள்ள பை என்றால், அபூர்வமாக, அதைச் சுற்றியுள்ள தழும்பில் ஒருவகைப் புற்றுநோய் வரலாம். மொத்தம் பதினேழு பத்திகள்.

படிவத்தை முடித்த பிறகுதான் அளவு பார்க்க வேண்டும் என்பது டாக்டரின் ஏற்பாடு. நான் வரிசையை மாற்றினேன். மாதிரிப் பைகளை உள்ளாடைக்குள் செருகிக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துவிட்டு, பிறகு படிவத்தை நீட்டுவேன். ஒருத்தியும் குனிந்து பார்க்கமாட்டாள். பக்கவாட்டில் திரும்பித் திரும்பித் தன்னையே ரசித்துக்கொண்டு, நான் விரல் வைத்த இடத்திலெல்லாம் கிறுக்குவாள். வாய் லேசாகத் திறந்திருக்கும். அந்த முகத்தைப் பார்க்க அருவருப்பாக இருக்கும். ஆனால் வேலை நாற்பது நிமிஷத்திலிருந்து ஆறு நிமிஷமாகக் குறைந்தது.

டானியா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், நாலு குழந்தைக்குத் தாய். அவள் மட்டும் பாதியில் நிறுத்தினாள்.

“லரே, இதுல புத்துநோய்னு போட்டிருக்கே?”

“ஆஸ்பிரின் டப்பாலகூடத்தான் ரத்தம் கசியும்னு போட்டிருக்கு, கண்ணு. வக்கீலுங்க எழுதச் சொல்றது இதெல்லாம். நீ நேரா நின்னு பாரு, இடது பக்கம் எவ்வளவு ஜோரா இருக்குன்னு.”

“எங்க வீட்டுக்காரர் மயக்கம் போட்டு விழப்போறாரு போங்க.”

சிரித்துக்கொண்டே இனிஷியல் போட்டாள். அவளைப் பார்த்து அவளுடைய சர்ச்சிலிருந்து மட்டும் பதினோரு பெண்கள் வந்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அந்தச் சொரசொரப்புப் பைகளைக் கம்பெனி திரும்பப் பெற்றது. தொந்தரவு இல்லாதவர்கள் எடுக்க வேண்டியதில்லை, ஒரு பக்கம் வீங்கினால் மட்டும் உடனே உள்ளே சேர்ந்த நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும், சீக்கிரம் கண்டுபிடித்துப் பையையும் தழும்பையும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று கடிதம் வந்தது. டாக்டர் ஒரு பட்டியலைக் கொடுத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.

“எல்லாருக்கும் நீங்களே போன் போட்டுச் சொல்லிருங்க லரே. ஒருத்தர்கூட விட்டுப்போகக் கூடாது.”

மூன்று பேருக்குப் போட்டேன். மூவரும் அழுதார்கள். ஒருத்தி போனிலேயே மூக்கை உறிஞ்சி உறிஞ்சி விழுங்கினாள். எனக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. மற்ற முந்நூற்றொன்பது பெயர்களுக்கு எதிரே ‘தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதினேன். நீங்கள் வைத்திருப்பது அந்தப் பட்டியல்தான்.

பை வைத்த ஏழாவது வருஷம் டானியா போன் செய்தாள். இடது பக்கம் வீங்கியிருக்கிறது, திரும்பும்போது ஸ்டியரிங் இடிக்கிறது என்றாள். குழந்தையைத் தூக்கியிருப்பாய், ஐஸ் வை என்றேன். மூன்று மாதம் கழித்து மறுபடி போன். சட்டையைத் தளர்வாகப் போடச் சொன்னேன். முதல் போன் வந்த எட்டாவது மாதம் நேரிலேயே வந்துவிட்டாள்.

“டாக்டர ஒரு நிமிஷம் பாக்கணும், லரே. கெஞ்சிக் கேக்குறேன்.”

“அவர் ஆபரேஷன்ல இருக்காரு. நான் பாக்குறேன், காட்டு.”

டாக்டர் பக்கத்து அறையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். அவள் சட்டையைத் தூக்கினாள். இடது மார்பு வலதைப்போல ஒன்றரை மடங்கு. தொட்டேன், சூடாக இருந்தது, உள்ளே நீர் தளும்பியது. அவளுடைய வியர்வை என் விரலில் ஒட்டியது.

“வயசாகுதுல்ல, அதான். வேற ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்கு.”

“நீங்க சொன்னாத்தான் எனக்கு நிம்மதி,” என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

அவள் போனதும் மூன்று தடவை கை கழுவினேன். அவள் பெயரை டாக்டரின் அப்பாயின்ட்மென்ட் புத்தகத்தில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீரை எடுத்திருப்பார், சோதனைக்கு அனுப்பியிருப்பார், உனக்குப் போன் வரவில்லையா என்று அவளிடம் கேட்டிருப்பார். மறுநாளே அந்தப் பதினோரு பேரும் வாசலில் நின்று ஒப்பாரி வைத்திருப்பார்கள்.

வேறு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது அது அக்குளுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் பரவியிருந்தது. சாவுச் சாப்பாட்டுக்கு நானும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு செய்து எடுத்துப் போனேன். சர்ச்சின் பின்கூடத்தில் வரிசையில் நின்றபோது, பதினோரு பேரில் ஒருத்தியான ஜெர்லின் என் முழங்கையைப் பிடித்தாள்.

“எனக்கு வச்சதும் அவளுக்கு வச்ச அதே பைதானா, லரே?”

“உனக்கு வச்சது வேற, கண்ணு.”

அதே பைதான். அவள் நிம்மதியாக இரண்டாம் தடவை உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டாள்.

எனக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டீர்கள். எல்லாம் தெரியும். கிளினிக்கில் சலுகையாக வைத்துக்கொண்டது, எனக்குள்ளும் அதே பைகள் இருந்தன. கடிதம் வந்த வாரம் வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து, ஐந்து மணி நேரம் காரோட்டி, யாருக்கும் என்னைத் தெரியாத பாய்சிக்குப் போய், ஒரு தொந்தரவும் இல்லாதபோதே இரண்டையும் தழும்போடு எடுத்துவிடச் சொன்னேன். சோதனையில் ஒன்றுமில்லை என்று பிற்பாடு வந்தது. திங்கட்கிழமை உள்ளாடைக்குள் பஞ்சை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. பாவம், வீணாகப் பயந்துபோவார்கள்.