சத்தம் வராத தோல் பை

குண்டு வருகிறது. முதலில் விசில். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மண்.

"குனி! தலய குனிடா!"

குனிகிறேன். பதுங்குகுழியின் முன்சுவர் சரிகிறது. முழங்கால்வரை ஈரமண். குப்புசாமியும் தேவசகாயமும் நின்ற இடத்தில் சுவர் கிடக்கிறது. அவர்களும் இல்லை. அவர்கள் துப்பாக்கிகளும் இல்லை. நான் சாத்தி வைத்திருந்த துப்பாக்கியும் அதற்குள் போய்விட்டது. கையால் தோண்டுகிறேன். விரல் இறங்கவில்லை.

1917. மாசி மாதம். பஸ்ராவுக்கு வடக்கே, டைகிரிஸ் ஆற்றின் கரை. பிரிட்டிஷாரின் பாலம் போடும் படையில் நாங்கள் சிப்பாய்கள். மற்றவர்கள் படகில் அக்கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் படகு கிளம்பும்வரை துருக்கியரைத் தடுக்க ஐந்து பேரை விட்டுப் போனார்கள். இப்போது மூன்று பேர்.

ஹவில்தார் வாணியம்பாடிக்காரர். வெள்ளைக்கார அதிகாரி பக்கத்தில் இல்லையென்றால் அவரை பாய் என்போம். அவர் தொடையில் குண்டுத் துண்டு பாய்ந்திருந்தது. அவர் துப்பாக்கியில் அடிக்கட்டை மட்டும் மிச்சம்.

முனிரத்தினம் மட்டும் சுடுகிறான். பேரணாம்பட்டுக்காரன். ஆம்பூரில் நானும் அவனும் ஒரே தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தோம். பட்டைத் தண்ணீர்க் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிற வேலை. ஒன்றாகத்தான் பட்டாளத்தில் சேர்ந்தோம்.

சுடுகிறான். போல்ட்டை இழுக்கிறான். காலித் தோட்டா வெளியே வரவில்லை. மறுபடி இழுக்கிறான். வரவில்லை.

"கொக்கி போச்சுடா!"

போல்ட்டின் நுனியில் நகத்தளவு ஓர் இரும்புக் கொக்கி இருக்கும். சுட்ட தோட்டாவின் விளிம்பைப் பற்றி வெளியே இழுப்பது அதுதான். அது உடைந்தால் துப்பாக்கி விறகு. ஆனால் மாற்றுக் கொக்கி கையில் இருந்தால் ஒரு திருகைக் கழற்றி அங்கேயே மாட்டிவிடலாம். துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவர் எப்போதும் எங்களுக்கு வெகுதூரம் பின்னால் இருப்பார். அதனால் இரண்டு கொக்கிகள், அவற்றை அழுத்திப் பிடிக்கும் வில், திருகு, எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு சிகரெட் டப்பாவில் போட்டு எங்களிடமே கொடுத்திருந்தார்கள். முனிரத்தினம்தான் வைத்திருந்தான்.

அவன் நடக்கும்போது அந்த டப்பா இடுப்புக் கத்தியில் மோதிச் சத்தம் போட்டது. கிண். கிண். தை மாதம் ஒரு விடியலில், மூடுபனிக்குள் கம்பிவேலி போடப் போனோம். துருக்கியர் சத்தம் வந்த திசையைப் பார்த்துச் சுட்டார்கள். தேவசகாயத்தின் காது மடல் கிழிந்தது. திரும்பி வந்ததும் பாய் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா, சாமி ஊர்வலமா போறீங்க? மணி அடிச்சிகினு! பேஜார் புடிச்ச டப்பா. ஆத்துல தூக்கிப் போடு."

"வுடுங்க பாய். சத்தமே வராத மாதிரி ஒரு பை தெச்சிடறேன்."

செருப்புக்கு அடி போட முனிரத்தினம் ஊரிலிருந்து ஒரு தோல் துண்டு கொண்டுவந்திருந்தான். ஆவாரம்பட்டையில் பதனிட்டது. எங்கள் குழியிலேயே ஊறியது. அதில்தான் தைத்தான். கொக்கிக்கு ஓர் அறை. வில்லுக்கு ஓர் அறை. எண்ணெய்த் துணியையும் வைத்தால் பை பிதுங்கியது. துணியை எடுத்துவிட்டான். இவ்வளவு நல்ல தோலுக்குள் துணி எதற்கு என்றான். எங்களுக்கும் அது சரியாகப் பட்டது. பாய் பையைக் காதருகில் வைத்து ஆட்டினார். சத்தமில்லை.

"ஷாபாஷ்! துருக்கிக்காரன் பாத்தான்னா சண்டய வுட்டுட்டு நம்மகிட்ட ஆர்டர் குடுப்பான்."

சிரித்தோம். பிறகு மழை பிடித்தது. விடவே இல்லை. சட்டை, கம்பளி, ரொட்டி, பை, எல்லாம் நனைந்தபடியே கிடந்தன.

இப்போது அந்தப் பையைத் திறக்கிறான். எனக்கு முதலில் கறுப்புதான் தெரிகிறது. உள்ளே மை கொட்டினாற்போல். அது எங்களுக்குத் தெரிந்த கறுப்பு. பட்டைக் குழியருகே இரும்பு வாளியோடு போனால் மேஸ்திரி செவிட்டில் அறைவார். ஓர் ஆணி விழுந்தால் போதும். அந்த இடத்தில் தோல் கறுத்துவிடும். வியாபாரி தள்ளிவிடுவார். தோலுக்கு இரும்பு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கும் தெரியும். விழுந்த ஆணி என்ன ஆயிற்று என்று யாரும் குனிந்து பார்த்ததில்லை.

ஈரத்தோலின் பட்டைச்சாறு தின்று, கொக்கிகள் இரண்டும் செல்லரித்த கட்டை மாதிரி இருந்தன. ஒன்றை மாட்டினான். வில்லை அழுத்தினான். டிக். ஒடிந்தது. அடுத்ததை எடுத்தான். டிக்.

என்னைப் பார்த்தான்.

"குழில வுழுந்த ஆணிடா" என்றான்.

"வர்றானுங்க! சோத்துக்கைப் பக்கம்!" பாய் கத்துகிறார்.

முனிரத்தினம் இடுப்புக் கத்தியை உருவுகிறான். காலித் தோட்டாவின் விளிம்பில் கொடுத்து நெம்புகிறான். கிரீச். கிரீச். டங். வந்துவிட்டது. அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுடுகிறான். மறுபடி கத்தி.

"பாயத் தூக்கிகினு ஓடு! நான் நோண்டிக்கிறேன்."

"நீயும் வாடா!"

"போடா! எத்தினி தோலு செதுக்கன கை இது!"

பாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். கணுக்கால்வரை சேறு. பின்னால் வெடி. பிறகு கத்தி கீறும் சத்தம். பிறகு வெடி. கொஞ்ச தூரத்தில் கத்தி கேட்கவில்லை. வெடி மட்டும். இடையில் அவன் நெம்பும் நேரம். அந்த நேரம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. படகின் விளிம்பைத் தொட்டபோது ஒரு வெடி. பாயை உள்ளே தள்ளினேன். நெம்பும் நேரம் ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. படகு நகர்ந்தது. காதைக் கரைப் பக்கமே வைத்திருந்தேன்.

இன்னும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஒரு கதவு அடித்துச் சாத்தினால் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருக்கிறேன். உட்கார முடிவதில்லை.

திரும்பி வந்து அதே ஷாப்பில் சேர்ந்தேன். இப்போது நான் மேஸ்திரி. குழியருகே யாராவது இரும்பு வாளி கொண்டுவந்தால் எனக்குக் கத்த வராது. எழுந்துபோய் வாளியை வாங்குகிறேன். துடைக்கிறேன். எண்ணெய் தடவி வெயிலில் வைக்கிறேன். தோலைப் பார்க்காமல் வாளியைப் பார்க்கிறாரே என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அந்தக் கரையில் விட்டு வந்தவை இவை. குப்புசாமி. தேவசகாயம். முனிரத்தினம். பாயின் இடது கால், அதை வெட்டியெடுத்தது பிறகு பஸ்ரா ஆஸ்பத்திரியில். ஐந்து துப்பாக்கிகள். இரண்டு கொக்கிகள். ஒரு கத்தி. ஒரு தோல் பை. தையல் ஓர் இடத்திலும் விடவில்லை.