பூட்டச் சொன்ன கதவைத் திறந்த கிருஷ்ணம்மா

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, சபை மூப்பர்களே, செனாய் தொழிற்சாலையிலிருந்து வேலை உடுப்போடு நேராக வந்து சேர்ந்திருக்கும் தோழர்களே, உணவக உரிமையாளர் நவ்சாத் அவர்களே, முன்வரிசையில் தாயைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் மகள் மலரே! இந்தச் சபையின் செயலாளர் செல்லப்பன், உங்கள் எல்லாருக்கும் தோத்திரமும் வணக்கமும் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நம் பொருளாளர் தங்கராஜு இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்க வேண்டாம், தங்கராஜு! நாற்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் கத்தியவன் நான். மணி அடித்தால்கூட நிறுத்த மாட்டேன்.

இங்கே எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் கிருஷ்ணம்மாவை "அன்பானவர், அமைதியானவர்" என்றார்கள். அமைதியானவரா? யார், நம்ம கிருஷ்ணம்மாவா? அலமாக்! அந்த அம்மா அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ஞானஸ்நானம் எடுக்கும்போது அன்றைய போதகர் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார். நல்ல வேதப் பெயராக நாலைந்து எடுத்துக் கொடுத்தார். "ஐயா, ஆண்டவர் என்னை இந்தப் பேர்லதான் கூப்பிட்டாரு. புதுப் பேர் வச்சா அவருக்குக் குழப்பமாயிடும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். கிருஷ்ணம்மாவாக முழுகி, கிருஷ்ணம்மாவாகவே எழுந்தவர். போன புதன்கிழமை அதே பெயரோடு ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார்.

அவர் என்ன படிக்காதவரா? உலக அறிவு தெரியாதவரா? செனாயில் பெரிய மின்னணுத் தொழிற்சாலையில் மனிதவள மேலாளர். சட்டம் தெரியும், கணக்கு தெரியும், யாரிடம் எப்படிப் பேசினால் காரியம் நடக்கும் என்று நன்றாகத் தெரியும். ஒரு வருடம், தீபாவளி நெருங்குகிற சமயத்தில் ஆட்குறைப்பு வந்தது. வேலை போனவர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிடு, அதுதான் புத்திசாலித்தனம், சண்டை வராது என்று மேலிடம் சொன்னது. கிருஷ்ணம்மா என்ன செய்தார்? ஆட்கள் வேலை செய்யும் ஒவ்வொரு லைனாகப் போனார். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். திட்டு வாங்கினார். ஒரு பெண் அவர் சட்டையைப் பிடித்து அழுதாள். அவளோடு நின்று அவரும் அழுதார். பதவி உயர்வு அடுத்த ஆளுக்குப் போனது. "ஏன்க்கா இப்படி?" என்று கேட்டேன். "மறைஞ்சு நின்னு அடிக்கிறதுக்கு என்னை யாரும் ரட்சிக்கல, சார்" என்றார்.

அன்பர்களே! நான் இன்று பேச வந்தது இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். ஞானம்! நம் சபையில் மிகவும் மலிந்துபோன சொல். எதற்கெடுத்தாலும் "ஞானமா நடந்துக்கணும் பிரதர்." பக்கத்து வீட்டில் சண்டையா? ஞானமாக இரு, அதாவது, கதவைச் சாத்து. தப்பு நடக்கிறதா? ஞானமாக இரு, அதாவது, வாயைப் பொத்து. இதைச் சொல்ல ஆண்டவர் எதற்கு? ஒரு நல்ல இன்சூரன்ஸ் ஏஜெண்டு போதாதா?

இரண்டு வருடத்துக்கு முந்தைய மழைக்காலம் உங்களுக்கு மறந்திருக்காது. பின்னால் இருக்கும் ஆறு பொங்கி, தொழிலாளர் விடுதிக்குள் இடுப்பளவு தண்ணீர். சனிக்கிழமை மத்தியானம். வங்காளதேசத்துப் பையன்கள் இந்தக் கட்டடத்துக்குக் கீழே, கடைவரிசையின் அஞ்சடி நடைபாதையில், தலையில் மூட்டையோடு கூட்டமாக நின்றார்கள். தண்ணீர் அஞ்சடிக்கும் ஏறிக்கொண்டிருந்தது. நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த மாடி மண்டபம் காலியாகக் கிடந்தது.

அவசரமாகக் கமிட்டி கூடியது. அப்போது மூப்பராக இருந்த கிருஷ்ணம்மாவும் அதில் இருந்தார். தங்கராஜு எழுந்தார். நல்ல மனிதர், இல்லை என்று சொல்ல மாட்டேன். "அக்கா, அவங்கள்லாம் முஸ்லிம் பையன்க. இங்க சிலுவை தொங்குது. யாராச்சும் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போட்டா, மதம் மாத்துறாங்கன்னு வந்து நிப்பாங்க லா. அப்புறம் மண்டபமே போயிடும். ஞானமா யோசிங்க" என்றார்.

அவர் சொன்னது பொய்யா? இல்லை. முஸ்லிம்களிடம் மதம் பரப்புவது குற்றமாக இருக்கிற இந்த நாட்டில் அந்தப் பயம் நியாயமான பயம். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மனிதர் சுவரைக் காட்டினார். புது வருட ஆராதனையில் நாம் எல்லாரும் குலுக்கலில் ஆளுக்கொரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம் அல்லவா, அந்த வருடம் சபைக்கென்று எடுத்த அட்டையைச் சட்டம் போட்டு இங்கே மாட்டியிருந்தோம். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள், ஆபத்து கடந்து போகும் என்ற அர்த்தத்தில் வசனம். "பாருங்க, ஆண்டவரே சொல்லிட்டாரு!" என்றார். பாதிப் பேர் "ஆமென்" போட்டார்கள். எப்படி இருக்கிறது பாருங்கள்! கீழே மனிதன் நனைகிறான், மேலே அட்டையைப் பார்த்து ஆமென்!

கிருஷ்ணம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். "வெளிய நிக்கிறவனுக்கும் பூட்டிக்க ஒரு கதவு வேணுமில்ல? முதல்ல அவனை உள்ள விடுங்க. அப்புறம் எல்லாரும் சேர்ந்து பூட்டிக்கலாம்." சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஓட்டெடுப்பு நடக்கவில்லை, தீர்மானம் எழுதவில்லை. கதவு திறந்தாகிவிட்டது.

சரி, அந்த அம்மா அறிவில்லாமல் ஆவேசத்தில் செய்தாரா? அதுதான் இல்லை! முதல் போன் போலீஸ் ஸ்டேஷனுக்கு. "இத்தனை பேரை எங்க மண்டபத்துல வச்சிருக்கோம், வந்து பாருங்க." வந்தார்கள், பார்த்தார்கள், "ஓகே, ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் படகோடு போய்விட்டார்கள். இரண்டாவது போன் இதோ, நவ்சாத்துக்கு. "தம்பி, உங்க பாத்திரம், உங்க அடுப்பு, உங்க ஆளு. எங்க சட்டியை அவங்க தொட வேண்டாம், அவங்க மனசு சங்கடப்படக் கூடாது." நவ்சாத் முழங்கால் தண்ணீரில் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அந்த மூலையில் நின்று தொழுகைக்குத் திசை காட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

மரியாதைக்காக யாரோ ஒரு பெட்ஷீட்டை எடுத்துவந்து சிலுவையை மூடப் போனார்கள். "மூடாதீங்க. அவரு பாத்துக்கிட்டு இருக்கட்டும், அப்பத்தான் நாம ஒழுங்கா நடந்துக்குவோம்" என்றார். நம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ஆர்வக்கோளாறில் சுவிசேஷத் துண்டுப் பிரசுரக் கட்டு ஒன்றை எடுத்தார்கள். கிருஷ்ணம்மா அதைப் பிடுங்கினார் பாருங்கள், அந்தக் கோபத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. "பசிச்சவன்கிட்ட சோத்தைக் காட்டி ஆண்டவரை விக்காதீங்க! போய்த் தட்டைக் கழுவுங்க!" பிள்ளைகள் போய்க் கழுவினார்கள்.

இப்போது சொல்லுங்கள். உலக ஞானத்துக்கும் கிறிஸ்தவ ஞானத்துக்கும் என்ன வித்தியாசம்? உலக ஞானம் கெட்டதா? இல்லவே இல்லை. போலீசுக்குப் போன் போட்டதும், தனி அடுப்பு வைத்ததும் உலக ஞானம்தானே! ஆனால், கதவைத் திறப்பதா வேண்டாமா என்ற கேள்வியை அவர் அதனிடம் கேட்கவில்லை. அதைக் கர்த்தரிடம் கேட்டு முடித்துவிட்டார். எப்படித் திறப்பது என்பதை மட்டும்தான் தன் படிப்பிடம் கேட்டார். நாமோ தலைகீழாகச் செய்கிறோம். எதைச் செய்வது என்று பயத்திடம் கேட்டுவிட்டு, அதை எப்படிச் சொல்வது என்று வசனத்திடம் கேட்கிறோம். உலக ஞானம் பிழைப்பதற்கு வழி சொல்லும். எதற்காகப் பிழைக்கிறாய் என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. நாம் கும்பிடுகிறவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாமலா சிலுவையில் தொங்கினார்? கீழே நின்ற புத்திசாலிகள் எல்லாம் அன்றைக்குச் சிரிக்கத்தானே செய்தார்கள்!

"உங்களுக்குப் பயமே இல்லையாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "பயம் இருக்கு சார். கர்த்தருக்குப் பயப்படுறேன். அதுக்கே எனக்கு நேரம் சரியா இருக்கு, மத்தவங்களுக்கு எங்க போறது?" என்று சிரித்தார்.

அதற்கு விலை கொடுத்தாரா? கொடுத்தார். அடுத்த தேர்தலில் இந்தச் சபை அவரை மூப்பர் பதவியிலிருந்து இறக்கியது. ஆம், இந்தச் சபைதான்! இன்று மாலையோடு வந்து படத்துக்கு முன்னால் அழுகிற இதே சபை! அடுத்த ஞாயிறு அவர் வராமல் போனாரா? வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சுருதி சேராத அந்தக் குரலில் நம் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினார். மலர், உன் அம்மாவுக்குப் பாட வராது, கண்ணு. ஆனால் அந்தக் குரல் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்காது.

இப்போது நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கிருஷ்ணம்மா மருத்துவமனையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது கமிட்டி ஒரு முடிவெடுத்தது. படிக்கட்டுக்கு இரும்பு கிரில் போடுவது. மண்டபம் இனி சபை அங்கத்தினருக்கு மட்டும். வெள்ளமோ, நெருப்போ, வெளியாட்களுக்கு இல்லை. சபை வாட்ஸ்அப் குழுமத்தில் அனுப்பிய செய்தியில் இரண்டு வார்த்தை சேர்த்திருந்தார்கள்: "ஞானமான முடிவு." இன்றைய இந்த அஞ்சலிக் கூட்டம் முடிந்ததும் மண்டபச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வதாகவும் ஏற்பாடு.

போதகர் ஐயா மன்னிக்க வேண்டும். சாவியைக் கொடுக்க மாட்டேன்.

கிரில் போடுங்கள், நான் அறுப்பேன். பூட்டை மாற்றுங்கள், உடைப்பேன். செயலாளர் பதவியைப் பிடுங்குங்கள், சந்தோஷம். கடைசி பெஞ்சில் ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது. இந்த வருட மழை தொடங்கிவிட்டது. நேற்றே ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று விடுதிப் பையன்கள் சொல்கிறார்கள். தண்ணீர் வந்தால் இந்தக் கதவு திறக்கும். நவ்சாத், உங்கள் சட்டி தயாராக இருக்கட்டும். தங்கராஜு, நீங்களும் வாங்க. தட்டுக் கழுவ ஆள் வேணும், உங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு நிமிடம் மௌனமாக எழுந்து நிற்கச் சொல்வார்கள். நான் சொல்லப் போவதில்லை. கிருஷ்ணம்மாவுக்கு மௌனம் பிடிக்காது. வெள்ளம் வந்தால் இந்தக் கதவைத் திறக்க என்னோடு வருகிறவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள். யார் யார் நிற்கிறீர்கள் என்று போதகர் ஐயா பார்க்கட்டும், கமிட்டி பார்க்கட்டும், கிருஷ்ணம்மாவின் மகள் பார்க்கட்டும். வராதவர்கள் உட்கார்ந்தே இருக்கலாம், ஒருவரையும் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.