ஒரே பள்ளத்தில் விழுந்த நர்ஸம்மாக்கள்

ஹலோ... ஹலோ, ஸ்போக்கன் இங்கிலீஷ் சார்தானே?... நான் சைக்கிள் கடை வெச்சிருக்கேன் சார்... இல்ல இல்ல, சைக்கிள் விக்கக் கூப்பிடல. உங்ககிட்ட படிக்கிற நர்ஸம்மாவோட வீட்டுக்காரர்... ஆமா, ஆமா, நாளைக்குக் காலைல ஸ்பீக்கிங் டெஸ்டுக்குப் போறாளே, அவளேதான்... ம்... சௌக்கியந்தான். ஒரு சின்ன சந்தேகம்.

அந்தக் கசின் யாரு சார்?

...கசின் சார், கசின். டெஸ்டுல சைக்கிளப் பத்திக் கேட்டா இப்படிச் சொல்லணும்னு ஒரு பதில எழுதிக் குடுத்திருக்கீங்களே. பத்து நாளா எங்க சமையல்கட்டுல அதான் ஓடுது. சின்ன வயசுல கசின்தான் நீல சைக்கிள்ல ஓட்டக் கத்துக்குடுத்தானாம், இவ பள்ளத்துல விழுந்து முட்டில அடிபட்டப்ப பின்னாடியே ஓடி வந்தானாம். மாமா பையனா, சித்தப்பா பையனா?... இங்கிலீஷ்ல ரெண்டும் ஒண்ணா? அங்க ஒண்ணா இருக்கட்டும் சார், எங்க வீட்டுல ஒண்ணு இல்ல... சிரிக்காதீங்க.

...சும்மா எழுதினதா? அப்படி ஒரு ஆளே கிடையாதா?... சரி. சரி சரி. அவளுக்கு மாமாவே கிடையாதுன்னு எனக்கும் தெரியும்... தெரிஞ்சுதான் கேட்டேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கணும்ல?

இருங்க, வெச்சிடாதீங்க. காலைல அவ வார்டுல வேல பாக்குற இன்னொரு நர்ஸம்மா காத்தடிக்க வந்தாங்க. நான் பம்பு அடிக்கிறேன், அவங்க பாட்டுக்கு நின்னு முணுமுணுக்கிறாங்க. அதே நீல சைக்கிள், அதே கசின், அதே பள்ளம், அடிபட்டது அதே முட்டி!... எத்தன பேருக்கு சார் குடுத்தீங்க?... பரவால்ல, சொல்லுங்க... பதினோரு பேரா? பதினோரு பேரும் ஒரே பள்ளத்துல விழுந்தா, கேள்வி கேக்குற அம்மா காதுல பஞ்சா வெச்சிருக்காங்க? இவ ஏற்கெனவே ரெண்டு தடவ கோட்ட விட்டாச்சு. நாளைக்கும் போச்சுன்னா அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேல வேற ஆளுக்குப் போயிடும்...

கண்டுபிடிக்க மாட்டாங்களா? துருவுக்கு மேல பெயின்ட் அடிச்சு, புதுசுன்னு கொண்டாந்து நிறுத்துற சைக்கிளத் தினம் பாக்குறவன் சார் நான். உங்க பதில்ல பெயின்ட் வாசன வருது. செயின் கழண்டுச்சு, அதனால பிரேக் புடிக்கலன்னு எழுதியிருக்கீங்க. கைப்பிரேக்குக்கும் செயினுக்கும் என்ன சம்பந்தம்? குறுக்க ஒரு கேள்வி கேட்டா அவ முழிப்பாளா மாட்டாளா?... நீங்க சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா?... அதானே பாத்தேன்.

...என்னது? முதல்ல அவளே ஒண்ணு எழுதினாளா? நீங்கதான் மெருகேத்துறேன்னு மாத்திட்டீங்களா?... எங்க அது? இருக்கா?... வாசிங்க. இங்கிலீஷ் வேணாம், தமிழ்லயே சொல்லுங்க.

ம்... ஆமா, அவளுக்கு ஓட்டத் தெரியாது... ஆமா, நான் கடை வெச்சிருக்கேன், அதான் சொன்னேனே... தெருப் பிள்ளைங்களுக்கெல்லாம் நான்தான் கத்துக்குடுத்தேன், அது ஊருக்கே தெரியும்... ம்...

...

...கடைசி வரிய மட்டும் இன்னொரு தடவ.

...மத்தியானம் டிபன் கேரியரக் குடுத்துட்டுக் கொஞ்ச நேரம் நிப்பாளே, நான் அவளுக்கும் கத்துக்குடுப்பேன்னா நின்னா? பன்னெண்டு வருஷமாவா?... நான் கால் வலிக்குதாக்கும்னு நெனச்சேன் சார். ஸ்டூல இழுத்துப் போட்டேன்.



அவ எழுதினதுல எத்தன தப்பு?... மூணா? மூணு தப்புக்கா முழுசையும் மாத்தினீங்க? பஞ்சரானா ஒட்டுப் போடுவாங்க, டியூபையேவா தூக்கி எறிவாங்க? அந்த மூணையும் சரி பண்ணி, இப்பவே அவ போனுக்கு அனுப்புங்க... மனப்பாடமா? அவ கதைய அவ எதுக்கு சார் மனப்பாடம் பண்ணணும்?... மத்த பத்துப் பேருக்கும் அவங்கவங்க எழுதினதத் திருப்பிக் குடுத்துடுங்க, புண்ணியமாப் போகும்... நான் கூப்பிட்டேன்னு மட்டும் அவகிட்ட மூச்சு விடாதீங்க. உங்களுக்கே தோணினதா இருக்கட்டும்.

ஐயோ, வந்துட்டா...

...யாருமில்லம்மா, டயர் கம்பெனிக்காரர்... கண்ணு சிவந்திருக்கா? கிரீஸ் பட்டுடுச்சு... ஹலோ, அந்த டயர் அடுத்த வாரம் வந்தாப் போதும்ங்க... டயர்ங்க, டயர்! புரிஞ்சுக்கங்களேன்... இந்தா, பைய அப்படி வெச்சிட்டு இங்க வா. அந்தச் சின்ன சைக்கிள உருட்டிட்டு வா... கழுவுறதுக்கு இல்ல... விக்கிறதுக்கும் இல்ல... உனக்குத்தான்... வான்னா வாயேன். ஏன் திருடனப் பாக்குற மாதிரி பாக்குற?... ஏய், போனப் புடுங்காத... ஏய்—