எழுதினவன்

சிங்களத்தில் ஒழுங்காக ஒரு கடிதம் எழுதத் தெரிந்தவனுக்கு எங்கள் ஊரில் மரியாதை குறையாது. அம்பாறை கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், இருபத்தாறு வருடம் கிளாக்கராக இருந்து அந்த மொழியைப் படித்தேன். ஓய்வு பெற்ற பிறகு சாய்ந்தமருது பிரதான வீதியில், போட்டோகொப்பிக் கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, 'ஜவாத், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்' என்று பலகை போட்டேன். பிறப்புப் பத்திரம், காணி உறுதி, வெளிநாடு போகிறவர்களின் காகிதங்கள் எல்லாம் என் கையால் போயிருக்கின்றன. பிழை என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

எனக்குத் தூஷணம், கெட்ட வார்த்தை, ஆகாது. முன்பெல்லாம் அதற்கு ஓர் எல்லை இருந்தது. கரைவலை இழுக்கிற இடத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். இப்போது போனில் ஏறி வீட்டுக் குசினி வரைக்கும் வருகிறது. என் பேத்திக்கு ஏழு வயது. ஒருநாள் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு ஒரு சொல் சொன்னாள். எங்கே படித்தாய் என்று கேட்டேன். போனில் என்றாள். அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. இந்த வாக்குமூலத்துக்கு நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதிலில் பாதி அதில் இருக்கிறது.

மீதிப் பாதி அப்னாவின் விஷயம்.

அப்னாவும் அவளுடைய தாத்தா, அதாவது கூடப்பிறந்த அக்கா, றுஸ்தாவும் உம்மா வாப்பா இல்லாத பிள்ளைகள். மூத்தவள் றுஸ்தா வீட்டில் மிஷின் போட்டு அபாயா தைத்துத் தங்கச்சியை வளர்த்தாள். சீதனத்துக்கு வீடு கட்டி அப்னாவை நிப்றாஸுக்குக் கட்டிக் கொடுத்ததும் அவள்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதானே வழக்கம். கலியாணம் முடிந்து இரண்டாம் வருடம் அப்னா கை முறிந்து றுஸ்தாவின் வீட்டுக்கு ஓடிவந்தாள். வீடு அவளுடையது. அவள் வெளியே, அடித்தவன் உள்ளே. இதை ஒரு குறையாகத்தான் நானும் பார்த்தேன்.

எங்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்து ஓர் இணக்கக் குழு வைத்திருந்தோம். பொலிஸ், கோடு, வழக்கு என்று போகாமல் குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க. எழுத்து வேலை என்னுடையது. இரண்டு பேரையும் இருத்திக் கதைத்தோம். நிப்றாஸ் அழுதான். நான் ஒரு பக்கத்தில் சமாதானக் கடிதம் எழுதினேன். பதினான்கு வரி. 'வாழ்க்கைப் பயணத்தில் ஏற்பட்ட சிறு மனக்கசப்பை மறந்து, பொறுமையை அணிகலனாகப் பூண்டு, இல்லறத்தை மீண்டும் நல்லறமாக்க இருவரும் மனமொப்பினோம்' என்று தொடங்கும். நான் எழுதியதில் அதைவிட நல்ல கடிதம் வேறு கிடையாது. குழுவிலிருந்த ஒருவர் அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டார்.

றுஸ்தா சாட்சிக் கையெழுத்துப் போட மறுத்தாள்.

"கைய ஒடச்ச என்டு இதுல எங்க மாமா இரிக்கி?" என்று கேட்டாள்.

அப்படிப் பச்சையாக எழுதினால் அசிங்கமாக இருக்கும் என்றேன். மனக்கசப்பு என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கும் என்றும் விளக்கினேன். அவள் பேனையை என் பக்கம் திருப்பித் தள்ளினாள். அப்னா இடது கையால் கையெழுத்துப் போட்டாள். வலது கை மாவுக்கட்டில் இருந்தது.

ஏழு மாதத்தில் அப்னாவின் தாடை உடைந்தது. ஆஸ்பத்திரியில் பல்லுக்குப் பல் கம்பி போட்டு வாயைக் கட்டினார்கள். அவள் எதையும் சொல்ல முடியாது, குழாய் வைத்துக் கஞ்சி உறிஞ்சுவாள். அன்று பின்னேரம் றுஸ்தா ஆஸ்பத்திரி கேற்றுக்கு முன்னால் நின்று போனைத் திருப்பிப் பிடித்து லைவ் போட்டாள். மற்றக் கையில் என் கடிதம். அதை வரி வரியாக வாசித்தாள். ஒவ்வொரு வரிக்கும் பிறகு தங்கச்சிக்கு என்ன நடந்தது என்று சொன்னாள். 'சிறு மனக்கசப்பு' என்று வாசித்துவிட்டு, நிப்றாஸ் உலக்கையால் அடித்ததைச் சொன்னாள். 'பொறுமையை அணிகலனாகப் பூண்டு' என்று வாசித்துவிட்டு, எத்தனை பல் போனது என்று சொன்னாள். இடையிடையே தூஷணம். நான் பிறகு எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. கடைசியில் கடிதத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்து, "இத எழுதினவன் ஒரு" என்று சொல்லி ஒரு சொல்லால் முடித்தாள். அந்தச் சொல்லை இங்கே நான் சொல்லப் போவதில்லை. உங்களிடம் வீடியோ இருக்கிறது.

நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். கட்டாரிலிருந்து என் மகன் போன் எடுத்து, "வாப்பா, அது ஒங்கட எழுத்தா?" என்று கேட்டான். நான் இல்லை என்றேன்.

கெட்ட வார்த்தைக்கு எதிராக ஊரில் கொஞ்சப் பேர் கொதித்துப் போயிருந்தார்கள். அவர்களை நான் தூண்டவில்லை, ஒன்று சேர்த்தேன். பொலிஸில் விசாரித்தபோது, பொது இடத்தில் தூஷணம் பேசினால் சின்ன வழக்கு, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். சப்ரி என்று மருதமுனையைச் சேர்ந்த ஓர் இளம் சட்டத்தரணி, தூஷணத்தைப் பிடித்துக்கொண்டு தாடையை விட்டுவிட்டீர்கள் என்று முகநூலில் எழுதினார். கோபம் வந்தவள் எப்படிக் கதைக்க வேண்டும் என்று அடித்தவனுக்கு ஆதரவாக நின்றவர்கள் பாடம் எடுக்க முடியாதாம், அதற்குப் பெயர் பேச்சுச் சுதந்திரமாம். அதற்கு ஆயிரக்கணக்கில் இதயம் போட்டிருந்தார்கள். அந்தப் பகுதி முழுவதையும் நான் மூன்று தரம் வாசித்தேன். சுதந்திரம் என்று ஒரு நல்ல சொல் இருந்தால் அதன் முந்தானைக்குள் எதையும் ஒளித்துக்கொள்ளலாம் என்று இந்தப் பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

அடுத்த நாள் ஏழு பேர் கையெழுத்திட்டு கொழும்புக்கு ஒரு முறைப்பாடு போனது. இணையத்தில் நடக்கும் குற்றங்களைப் பார்க்கிற பிரிவுக்கு. அதில் என் கையெழுத்து இல்லை. மொழிபெயர்க்கிறவன் முறைப்பாட்டாளனாக இருப்பது முறையல்ல. வீடியோவின் சிங்கள மொழிபெயர்ப்பு மட்டும்தான் என்னுடையது, முத்திரையோடு.

எங்கள் ஆட்கள் ஒருவருக்குக் கஷ்டம் வந்தால் என்ன சொல்லுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எழுதினவன் அப்படி எழுதிப்போட்டான் என்பார்கள். நஸீபை எழுதினவன். றுஸ்தாவின் கடைசி வசனத்தில் 'எழுதினவன்' என்ற இடத்தில் 'மனிதரின் விதியை எழுதியவன்' என்று பொருள் வரும் சிங்களச் சொல்லைப் போட்டேன். கீழே ஒரு குறிப்பும் சேர்த்தேன்: முஸ்லிம்களின் வழக்கில் இது இறைவனைக் குறிக்கும். அந்தக் குறிப்பில் பொய் இல்லை. அந்த வழக்கு உண்டு. கையில் கடிதம் இருந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. மொழிபெயர்ப்பாளனின் வேலை காதால் கேட்பதை எழுதுவது, கண்ணால் பார்ப்பதை எழுதுவதல்ல.

நாலாம் நாள் கொழும்பிலிருந்து பொலிஸ் வந்து றுஸ்தாவை ஜீப்பில் ஏற்றினார்கள். மதத்தை நிந்தித்தாள் என்று வழக்கு. பிணை இலேசில் கிடைக்காத சட்டம். அதுவரை அப்னாவுக்காகக் கண்ணீர் விட்டவர்கள்கூட அடுத்த ஜும்ஆவுக்கு முன்பே வாயை மூடிக்கொண்டார்கள். அல்லாஹ்வை ஏசினவளுக்காக யார் கதைப்பார்கள். சப்ரி ஒருவர்தான் பஸ்ஸில் கொழும்புக்குப் போய்வந்தார். தெருவில் கொஞ்சக் காலம் ஒரு தூஷணமும் கேட்கவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது, மறைக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் அப்னாவைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபோது கூட்டிப்போக ஆளில்லை. தாத்தாவின் வீடு பூட்டிக்கிடந்தது. நிப்றாஸ் ஆட்டோ கொண்டுவந்தான். தாதி ஒருத்தி தயங்கியபோது அவன் சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தின் கொப்பியை எடுத்துக் காட்டினானாம். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரின் கையெழுத்து இருக்கிறதே என்று அவளும் விட்டுவிட்டாள். இது பிறகு எனக்குத் தெரியவந்தது.

அதற்கு முன் தெரிந்த ஒன்றும் இருக்கிறது. இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்லுகிறேன்.

கம்பி கழற்றி ஒரு கிழமையில் அப்னா என் அறைக்கு வந்தாள். பகல் பதினொரு மணி இருக்கும். முகத்திரையைத் தூக்கவில்லை. வாய் சரியாகத் திறக்கவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. சொற்கள் ஈரமாக விழுந்தன.

"மாமா, தாத்தா அல்லாஹ்வ ஏசல்ல. அந்தக் காயிதத்த எழுதின ஆளத்தான் ஏசின. கோட்டுக்கு அத சிங்களத்தில எழுதித் தாங்க."

கடிதம் எழுதிய ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும், அவளுக்கு முன்னால்தான் எழுதினேன். கொழும்புக்குப் போன மொழிபெயர்ப்பும் நான் என்பது அவளுக்குத் தெரியாது. ஏசப்பட்டவனிடமே வந்து, ஏசியது உன்னைத்தான் என்று எழுதித் தரும்படி கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். தாத்தா வந்தால் மாப்பிள்ளை அடிக்கமாட்டார் என்றும் சொன்னாள். அடுத்த செவ்வாய்க்கிழமை வா, எழுதி வைக்கிறேன் என்றேன். அவள் போன பிறகு வெள்ளைத் தாளை டைப் மெஷினில் சுற்றினேன். ஓர் எழுத்தும் அடிக்காமல் வெளியே எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அப்னாவின் ஜனாஸா அறிவித்தல் வந்தது. விழுந்து தலையில் அடிபட்டதாக முதலில் சொன்னார்கள். பிறகு நிப்றாஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜனாஸாவுக்கு றுஸ்தாவை விடவில்லை. நான் போனேன். முன் ஸப்பில், முதல் வரிசையில், நின்று தொழுதேன்.

அதன் பிறகுதான் சப்ரி வேறொரு மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்தார். வீரமுனை அழகரெத்தினம். கச்சேரியில் என்னோடு ஒரே மேசையில் இருந்தவர். அவர் தன் பிரதியைக் கொடுப்பதற்கு முன் என்னைத் தேடி வந்தார். பொறாமைக்காரர் அல்ல, நல்ல மனிதர், என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, கையில கடிதத்த வெச்சிக்கிட்டுத்தானே சொல்றா. ஒங்களுக்கு இது பிடிபடாமப் போகாது" என்றார்.

வயது போய்விட்டது, காது மந்தம் என்று சொன்னேன். அவர் என் மேசையிலிருந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

ஐந்து மாதமும் ஒன்பது நாளும் உள்ளே இருந்து றுஸ்தா வந்தாள். வந்த மறுநாள் காலையில் சப்ரியோடு என் அறைக்கு வந்து முன் கதிரையில் இருந்தாள். மெலிந்திருந்தாள். கத்துவாள், மேசையைத் தட்டுவாள் என்று எதிர்பார்த்துப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு வைத்திருந்தேன். இரண்டு மொழிபெயர்ப்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"எழுதினவன் என்டு நான் சொன்ன யார, மாமா?"

என்னைத்தான் என்றேன்.

"அது ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

கேட்ட உடனே தெரியும் என்றேன். உங்களுக்கும் அதையே சொல்லுகிறேன். வீடியோவை முதல் தரம் பார்க்கும்போதே தெரியும், மெஷினில் அடிக்கும்போதும் தெரியும், முத்திரை குத்தும்போதும் தெரியும். அவள் உள்ளே போனால் அப்னாவுக்குத் துணை கிடையாது என்பதும் தெரியும். என் எழுத்தை நாற்பதாயிரம் பேருக்கு முன்னால் அப்படிச் சொன்னவள் ஒரு சின்ன வழக்கோடு வீட்டுக்குப் போகக்கூடாது என்று நினைத்தேன். அதற்காகத்தான் செய்தேன். காதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

றுஸ்தா காகிதங்களை மடித்து எடுத்தாள். "சரி மாமா. இத பொலிஸிலயும் சொல்லுங்க" என்றாள். கதிரையை இருந்த இடத்தில் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

அந்த அரை மணி நேரமும் அவள் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை. தங்கச்சியைப் பறிகொடுத்தவள், என்னை என்ன வேண்டுமானாலும் ஏசியிருக்கலாம். ஏசவில்லை. ஐந்து மாதத்துக்கு முன் இருந்த பெண்ணா இவள் என்று பக்கத்துக் கடைக்காரரே கேட்டார். நிப்றாஸ் செய்ததற்கு அவன் பதில் சொல்லட்டும், நான் செய்ததற்கு நான் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை திருந்தியிருக்கிறாள், அது என்னால் நடந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.